மெட்ராஸ் ஐ: மிச்சமிருக்கும் சொட்டு மருந்தைப் போடலாமா?

ஆகஸ்ட் 3, காலை 8:10 | தென்றல்

வீட்டில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ. முதலில் வலது கண், இப்போது இடதும் சிவந்துவிட்டது. காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, பகலெல்லாம் தண்ணீர் வடிகிறது. முன்பு வேறொருவருக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சொட்டு பாதி பாட்டில் இருக்கிறது. அதையே போட்டால் மூன்று நாளில் சரியாகிவிடும் என்பது என் எண்ணம். மற்றவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் ஒட்டாதுதானே?

ஆகஸ்ட் 3, காலை 9:02 | விழியோரம்

அந்த பாட்டிலைக் குப்பையில் போடுங்கள். நோயுள்ள கண்ணின் இமையில் ஒருமுறை முனை பட்டிருந்தாலே கிருமி உள்ளே போயிருக்கும். அது போக, பெரும்பாலான கண் சொட்டுகளைத் திறந்து 28 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அதிலுள்ள பதனப்பொருளை (கிருமி வளராமல் தடுக்கச் சேர்ப்பது) நம்ப முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. ஆன்டிபயாடிக் என்று நினைத்து வாங்கும் சொட்டுகளில் பலவற்றில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். லேபிளைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃபுளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால், இவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. போட்டதும் சிவப்பு குறையும், அதனால் நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடும். ஆனால் வைரஸ் கண்ணில் தங்கும் காலம் நீளும். சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸ் என்றால் கருவிழியில் புண் கிளைகிளையாகப் பரவி ஆழமாகிவிடும், பார்வையே போகலாம். வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும். மாதக்கணக்கில் போட்டால் கண்புரை வரும்.

ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் அடுத்ததற்குத் தாவுவது, பகலில் தண்ணீராக வடிவது இரண்டையும் பார்த்தால் இது வைரஸ் வகைபோல்தான் தெரிகிறது. அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. மூன்று நாள் கணக்கும் பொருந்தாது. முதல் நான்கைந்து நாள் கூடிக்கொண்டே போகும், பிறகுதான் இறங்கும். கண் முழுக்க வெளுக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். இது தெரியாததால்தான் மூன்றாம் நாள் "மருந்து கேட்கவில்லை" என்று வேறு சொட்டுக்கும், அங்கிருந்து ஸ்டீராய்டுக்கும் போகிறார்கள்.

கண்ணாடிக்கு விடை: பார்ப்பதால் ஒட்டாது, கண்ணாடியால் தடுக்கவும் முடியாது. நோயாளிக்கு வெளிச்சக் கூச்சம் குறையும், கண்ணைக் கசக்கக் கை போகும்போது இடையில் ஒரு தடை இருக்கும். அவ்வளவுதான் பயன்.

ஆகஸ்ட் 3, பகல் 12:35 | நுண்ணோக்கி

கை, துண்டு, தலையணை உறை, சொட்டு பாட்டில், கைபேசி, கதவுப் பிடி. பரவும் வழி இவை. கண்ணீரில் இருக்கும் வைரஸ் விரலுக்கு வருகிறது, விரலிலிருந்து பொருளுக்கு, பொருளிலிருந்து அடுத்தவர் விரலுக்கு, அந்த விரல் அவர் கண்ணைத் தொடுகிறது. இந்தச் சங்கிலியில் எங்கே வெட்டினாலும் பரவுவது நிற்கும். வெட்டுவதற்கு எளிதான இடம் கை.

வைரஸ் வகையில் பெரும்பகுதிக்குக் காரணம் அடினோ வைரஸ். இதற்குக் கொழுப்பாலான வெளியுறை கிடையாது, அதனால் ஆல்கஹால் கைத்திரவம் இதனிடம் சரியாக எடுபடாது. சோப்பும் ஓடும் தண்ணீருமாக 20 நொடி தேய்த்துக் கழுவுவதையே நம்புங்கள். உலர்ந்த பிளாஸ்டிக், உலோகப் பரப்புகளில் இது வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். கிருமி புகுந்து 5 முதல் 12 நாள் கழித்துத்தான் கண் சிவக்கும். சிவந்த நாளிலிருந்து 10 முதல் 14 நாள் வரை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆகவே வீட்டில் ஒருவருக்கு வந்து ஒரு வாரம் கடந்தது, வேறு யாருக்கும் இல்லை என்று துண்டைப் பொதுவாக்கிவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 3, மாலை 6:20 | தென்றல்

காலையில் இமை ஒட்டுகிறதே, அது சீழ்தானே? சீழ் என்றால் பாக்டீரியா என்று படித்திருக்கிறேன். வைரஸ் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஆகஸ்ட் 3, இரவு 9:47 | விழியோரம்

நல்ல கேள்வி. இமை ஒட்டுவதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. வைரஸ் வகையிலும் இரவெல்லாம் வடிந்த கண்ணீரும் சளியும் காய்ந்து காலையில் இமையை ஒட்டவைக்கும். பகலில் என்ன வருகிறது என்று பாருங்கள். துடைத்த சில நிமிடத்திலேயே மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை மறுபடி சேர்ந்து, காலையில் இரண்டு கண்ணும் ஒட்டிக்கிடந்து, அரிப்பே இல்லையென்றால் பாக்டீரியாவுக்கு வாய்ப்பு அதிகம். தெளிந்த நீராக வடிந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தி, காதுக்கு முன்னால் தொட்டால் வலிக்கும் சிறு நெறிக்கட்டி இருந்தால் வைரஸ். சளி, தொண்டை வலி, காய்ச்சல் இவற்றில் ஏதாவது முந்தியோ சேர்ந்தோ வந்திருந்தால் சந்தேகம் இன்னும் குறையும்.

நெறிக்கட்டியைப் பார்க்க ஒரு வழி: காதுமடலுக்கு முன்னால், தாடை மூட்டுக்குச் சற்று மேலே, இரண்டு விரலால் மெல்ல உருட்டிப் பாருங்கள். பட்டாணி அளவில் ஒன்று நகரும். எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டால் தெரியும். பார்த்ததும் கையைக் கழுவுங்கள்.

மூன்றாவது வகை ஒவ்வாமை. இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் தொடங்கும், அரிப்பு உயிரை எடுக்கும், இமை வீங்கும், நூல்நூலாக வெள்ளைச் சளி வரும், கூடவே தும்மல், மூக்கடைப்பு. இது யாருக்கும் ஒட்டாது. அரிப்பு பிரதானமாக இல்லாவிட்டால் ஒவ்வாமை என்று சொல்லத் தயங்க வேண்டும். கசக்கக் கசக்க, ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல்கள் உடைந்து அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் இன்னும் கொட்டும், அரிப்பு கூடும். குளிர் ஒத்தடமும், ஓலோபடடின் 0.1 சதவீதம் அல்லது கீட்டோடிஃபென் 0.025 சதவீதச் சொட்டு நாளைக்கு இரண்டு முறையும் இதற்குப் போதும்.

கீழிமையைச் சற்று இழுத்து உள்பக்கத்தையும் பாருங்கள். மெட்ராஸ் ஐ என்பது வெண்படலத்தின் அழற்சி. விழியின் வெள்ளையைப் போர்த்தியிருக்கும் அந்த மெல்லிய சவ்வு இமையின் உட்புறத்திலும் மடிந்து படர்ந்திருக்கிறது, அதனால் இமையின் உள்பக்கமும் சிவந்திருக்கும். சிவப்பு ஓரங்களில் அடர்ந்து கருவிழிப் பக்கம் வரவர வெளுக்கும். இதற்கு நேர்மாறாக, கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவந்து ஓரத்தில் வெளுத்திருந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது. அதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, அன்றே கண் மருத்துவர்.

ஆகஸ்ட் 4, காலை 7:15 | மருந்துச்சீட்டு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரத்தம் கட்டியதுபோல் ஒரே இடத்தில் பளிச்சென்று சிவப்பு, வலியில்லை, பீளையில்லை, பார்வை தெளிவு என்றால் அது சவ்வுக்கடியில் சிறு ரத்தக்குழாய் வெடித்தது. பலமான இருமல், தும்மல், முக்கல் போதும் அதற்கு. ஒன்றிரண்டு வாரத்தில் தானே கரையும், சொட்டு எதுவும் வேண்டாம். அடிக்கடி வந்தால் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு வந்திருந்தால் காத்திருக்கவே கூடாது.

ஆகஸ்ட் 4, காலை 7:50 | தென்றல்

நெறிக்கட்டி இருக்கிறது. இன்று தொண்டையும் கரகரக்கிறதாம். வைரஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? சும்மா இருப்பதா?

ஆகஸ்ட் 4, காலை 10:30 | விழியோரம்

சும்மா இருப்பதில்லை, வேலை நிறைய இருக்கிறது. பீளையை எடுப்பதில் தொடங்குங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் ஒரு நிமிடம் வைத்து ஊறவிடுங்கள். ஊறாமல் பிய்த்தால் இமை முடியோடு வரும். பிறகு மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கமாக ஒரே இழுப்பு, அந்தப் பஞ்சு குப்பைக்கு. அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு, அடுத்த கண்ணுக்கும் புதுப் பஞ்சு. எத்தனை முறை பீளை சேர்கிறதோ அத்தனை முறை. கண்ணுக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், இமையின் விளிம்பைத் துடைத்தால் போதும்.

எரிச்சலுக்கும் வீக்கத்துக்கும் குளிர் ஒத்தடம். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் 5 முதல் 10 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. பனிக்கட்டியை நேரே வைக்காதீர்கள், இமைத்தோல் புண்ணாகும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனித் துணி. ஒருமுறை பயன்படுத்தியது துவைக்கப் போக வேண்டும்.

உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பதனப்பொருள் இல்லாத, ஒருமுறை உடைத்துப் போடும் சின்னக் குப்பிகளாகக் கேட்டு வாங்குங்கள். பாட்டில் சொட்டுகள் பலவற்றில் இருக்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதனப்பொருள் அடிக்கடி பட்டால் ஏற்கெனவே ரணமான கண் மேலும் ரணமாகும். உடைத்த குப்பியில் மிச்சமிருப்பதை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

செய்யக் கூடாதவற்றில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சிவப்பை உடனே போக்கும் என்று விற்கும் நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் சொட்டுகள் ரத்தக்குழாயைச் சுருக்குகின்றன, நோயைத் தொடுவதேயில்லை. சில நாள் தொடர்ந்து போட்டு நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும், அதற்குப் பயந்து மறுபடி போடுவார்கள். தாய்ப்பால், மூலிகைச் சாறு போன்றவையும் வேண்டாம். அவை கிருமிநீக்கப்பட்டவை அல்ல, ரணப்பட்ட கருவிழியில் புதிய தொற்றைக் கொண்டுசேர்க்கும்.

கண் பட்டை கட்டி மூடவும் கூடாது. மூடினால் சூடும் ஈரமும் சேர்ந்து பீளை உள்ளேயே தேங்கும்.

ஆகஸ்ட் 4, பிற்பகல் 3:05 | மருந்துச்சீட்டு

சொட்டுப் போடும் முறையில்தான் பாதி மருந்து வீணாகிறது. கீழிமைக்கும் விழிக்கும் நடுவிலுள்ள பை அதிகம் போனால் 30 மைக்ரோலிட்டர் கொள்ளும். ஒரு சொட்டின் அளவே 30 முதல் 50 வரை. ஒரு சொட்டு விழுந்தாலே நிரம்பி வழிகிறது, இரண்டாவது கன்னத்துக்குத்தான் போகும். "நன்றாகப் பிடிக்கட்டும்" என்று மூன்று சொட்டு விடுவதில் பலனில்லை.

கையைக் கழுவுங்கள். தலையைச் சாய்த்துக் கூரையைப் பாருங்கள். ஒரு விரலால் கீழிமையை இழுத்தால் ஒரு பை உண்டாகும். பாட்டிலை ஒன்றிரண்டு செ.மீ. மேலே பிடித்து அந்தப் பையில் ஒரு சொட்டு. முனை முடியையோ இமையையோ தொடக் கூடாது. கருவிழி மேல் நேராக விட்டால் கண் சிமிட்டி வெளியே தள்ளிவிடும். விட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். அங்கேதான் கண்ணீர் மூக்குக்கு இறங்கும் துளை இருக்கிறது. அழுத்தாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கும், நாக்கில் கசப்பு தெரியும். இறுக்கி மூடுவதும், மூடிமூடித் திறப்பதும் மருந்தைப் பிழிந்து வெளியேற்றிவிடும்.

இரண்டு வகைச் சொட்டு என்றால் நடுவில் ஐந்து நிமிடம். களிம்பு இருந்தால் சொட்டுக்குப் பிறகு, கடைசியில். முதலில் களிம்பைப் போட்டால் அதன்மேல் சொட்டு ஒட்டாது. களிம்பு கீழிமைக்குள் ஒரு செ.மீ. நீளம் போதும், அரைமணிக்குப் பார்வை மங்கலாக இருக்கும், அதனால் படுக்கப் போகும்போது வசதி.

குழந்தை கண்ணைத் திறக்கவே விடாவிட்டால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூடிய கண்ணின் மூக்கோரக் குழியில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருங்கள். திறக்கும்போது தானே உள்ளே ஓடும். அதற்குமுன் அந்த இடத்துப் பீளையைத் துடைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4, இரவு 8:40 | தென்றல்

ஒரு கண் மட்டும் சிவந்தவருக்கு இரண்டு கண்ணிலும் போடலாமா? பாட்டில் ஒன்றுதானே.

ஆகஸ்ட் 4, இரவு 9:10 | மருந்துச்சீட்டு

நல்ல கண்ணில் முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் போட வேண்டாம். அந்த பாட்டிலே கிருமியைக் கடத்தும் வாகனமாகிவிடும். செயற்கைக் கண்ணீர் இரண்டு கண்ணுக்கும் தேவையென்றால் முதலில் நல்ல கண், பிறகு சிவந்த கண். குப்பி வகை என்றால் கண்ணுக்கு ஒரு குப்பி.

ஆகஸ்ட் 5, காலை 6:55 | நுண்ணோக்கி

துப்புரவு பற்றிக் கேட்டு ஒரு தனிக் கேள்வி வந்தது, எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

வீட்டு பிளீச் 5 சதவீதம் என்றால் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அதாவது 100 மி.லி.க்கு 900. இது 0.5 சதவீதக் குளோரின் கரைசலாகும். கண் மருத்துவமனைகளில் கண் அழுத்தம் பார்க்கும் கருவியின் முனையை ஊறவைப்பதும் இந்த அளவில்தான், 5 முதல் 10 நிமிடம். ஆல்கஹாலில் ஒரு துடைப்பு அடினோ வைரஸுக்குப் போதாது. கதவுப் பிடி, குழாய்த் திருகு, சுவிட்ச், மேசை விளிம்பு ஆகியவற்றைத் துடைத்து 10 நிமிடம் ஈரமாக விட்டு, பிறகு வெறுந்தண்ணீரில் துடைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கலக்க வேண்டும், சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், கையுறை போட வேண்டும். கரைசல் அன்றன்றைக்குப் புதிதாக. கழிவறை கழுவும் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அமோனியா உள்ள திரவத்தோடும் நச்சுவாயு வரும். இரண்டோடும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

தலையணை உறையைத் தினமும் மாற்றி, துண்டோடு சேர்த்து 60 டிகிரிச் சூட்டில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து முழுக்க உலர்த்துங்கள். கைபேசியில் பிளீச் வேண்டாம். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தேய்த்துத் துடைத்தால் கிருமி பெருமளவு நீங்கும். கண் மை, மஸ்காரா, அந்த நாட்களில் இமைக்குப் பயன்படுத்திய தூரிகை எல்லாம் குப்பைக்கு.

நீச்சல் குளம் அறவே கூடாது. கண் சிவப்பு, தொண்டை வலி, காய்ச்சல் மூன்றும் சேர்ந்து வரும் அடினோ வகை ஒன்று, குளோரின் குறைந்த குளங்கள் வழியாகக் கூட்டமாகப் பரவுவது நன்றாக அறியப்பட்டது.

ஆகஸ்ட் 5, பகல் 1:20 | விழியோரம்

வாய்ப்புக் கணக்குகளைப் பேசிக்கொண்டே போனதில் மிக முக்கியமானது பின்னால் தள்ளிப்போய்விட்டது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

உறுத்தல் அல்லாமல் கண்ணுக்குள் உண்மையான வலி. வெளிச்சம் பார்க்கவே முடியாத கூச்சம். கண்ணைச் சிமிட்டிய பிறகும் தெளியாத மங்கல் (பீளைப் படலம் என்றால் சிமிட்டினால் தெளியும், இது நல்ல சோதனை). கருவிழியில் வெண்புள்ளி அல்லது புகைமூட்டம். இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இல்லாதது. இமையிலோ நெற்றியிலோ கொப்புளம். துடைத்துத் துடைத்தும் ஊற்றாகப் பொங்கும் சீழ். தலைவலி, வாந்தியோடு கல்லாக இறுகிய சிவந்த கண். இது கண் அழுத்தம் திடீரென ஏறியதாக இருக்கலாம், சில மணி நேரத்திலேயே பார்வை போகலாம். விழியை அசைத்தால் வலித்து, இமை வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் தொற்று கண்குழிக்குள் இறங்கியிருக்கலாம்.

சுண்ணாம்பு, அமிலம், சலவைத் திரவம் தெறித்துச் சிவந்ததை மெட்ராஸ் ஐயோடு சேர்க்கவே கூடாது. மருத்துவரைத் தேடும் முன்பே, நின்ற இடத்திலேயே ஓடும் நீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும்.

குழந்தைகளுக்கு இன்னும் இரண்டு. காதுவலியோடு கண்ணில் சீழ் வந்தால் பெரும்பாலும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே என்ற ஒரே பாக்டீரியா இரண்டு இடத்திலும் இருக்கும். கண் சொட்டு காதுக்குப் போகாது, வாய்வழி ஆன்டிபயாடிக் வேண்டும். ஐந்து நாளாகக் காய்ச்சல் விடாமல், இரண்டு கண்ணும் பீளையே இல்லாமல் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு செவசெவவென்று இருந்தால் கவசாகி நோயாக இருக்கலாம். அது இதயத் தமனியைத் தாக்கும். கண் மருத்துவரைத் தேட வேண்டாம், நேராகக் குழந்தை மருத்துவமனைக்கு.

ஆகஸ்ட் 5, மாலை 4:45 | மருந்துச்சீட்டு

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களை மேலே உள்ள பட்டியலில் முதலாவதாக வைத்திருக்க வேண்டும். லென்ஸ் போட்டவருக்குக் கண் சிவந்தால் மெட்ராஸ் ஐ என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையில் வளர்ந்தால் ஓரிரு நாளில் கருவிழியைக் கரைத்துவிடும். உடனே கழற்றுங்கள், அன்றே காட்டுங்கள். லென்ஸையும் பெட்டியையும் மருத்துவர் பார்க்கும்வரை வீசாமல் தனிப் பையில் எடுத்துப் போங்கள், அதிலிருந்தே கிருமி வளர்த்துப் பார்க்க முடியும். பிறகு லென்ஸ், பெட்டி, திரவம் மூன்றும் புதிதாக. கண் முழுக்க வெளுத்து, சிகிச்சை முடிந்து, ஒரு நாள் முழுக்கப் பீளையே இல்லாத பிறகுதான் மறுபடி போடலாம்.

ஆகஸ்ட் 5, இரவு 10:12 | தென்றல்

ஆன்டிபயாடிக் எப்போதுதான் வேண்டும்? எல்லாரும் வேண்டாம் என்றே சொல்கிறீர்கள்.

ஆகஸ்ட் 6, காலை 8:25 | விழியோரம்

பாக்டீரியா வகையிலும் பெரும்பாலானவை ஒன்று ஒன்றரை வாரத்தில் தாமே ஆறும். சொட்டு போட்டால் அது ஓரிரு நாள் சுருங்கும், பள்ளிக்கும் வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். அதனால் சீழ் தெளிவாக இருக்கும்போது மருத்துவர் எழுதுவதில் தவறில்லை. குளோராம்ஃபெனிகால் 0.5 சதவீதம் என்றால் முதல் இரண்டு நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு நாளைக்கு நான்கு முறை, மொத்தம் ஐந்து நாள். மாக்ஸிஃபுளாக்சசின் 0.5 சதவீதம் என்றால் நாளைக்கு மூன்று முறை, ஏழு நாள். இரண்டு மூன்று நாளில் பீளை குறையத் தொடங்காவிட்டால் மருந்தை மாற்றுவதற்கு முன் நோயையே மறுபடி பார்க்க வேண்டும்.

வாரக்கணக்கில் நீடித்து, ஒரு கண்ணில் மட்டும் சளிபோல் வந்துகொண்டே இருந்தால் கிளமிடியா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். பாலுறவு வழியே வருவது; சொட்டு போதாது, மாத்திரை வேண்டும், துணைக்கும் சேர்த்து. கானோகாக்கஸ் (பாலுறவு வழியே வரும் இன்னொரு பாக்டீரியா) என்றால் வாரமெல்லாம் காத்திருக்காது, சில மணி நேரத்தில் இமை வீங்கிச் சீழ் பொங்கும். முழுமையான கருவிழியையும் துளைக்கும். அதற்கு ஊசி மருந்து.

பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் சிசுவுக்கு எந்தச் சிவப்பும், எந்தச் சீழும் அவசரம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கானோகாக்கஸ் பிறந்த இரண்டிலிருந்து ஐந்து நாளில், கிளமிடியா ஐந்திலிருந்து பதினான்கு நாளில் தெரியும். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரேடே பிறந்ததும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடும் வழக்கத்தைக் கொண்டுவந்த பிறகுதான் பச்சிளங்குழந்தைகள் இதனால் பார்வை இழப்பது வெகுவாகக் குறைந்தது. இன்று அந்த இடத்தில் சில நாடுகளில் 0.5 சதவீத எரித்ரோமைசின் களிம்பு.

ஆனால் கண் வெள்ளையாகவே இருந்து தண்ணீர் மட்டும் தேங்கி, அவ்வப்போது பீளை சேர்ந்தால் அது கண்ணீர்க் குழாய் திறக்காதது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானே திறந்துவிடும். இதற்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஊற்றுவது வீண்.

ஆகஸ்ட் 6, பகல் 11:40 | நுண்ணோக்கி

வேகமாக வந்து வேகமாகப் போகும் வைரஸ் வகையும் உண்டு, மேலே விட்டுப்போனது. என்டெரோவைரஸ் 70, காக்ஸாக்கி ஏ24 இரண்டும் காரணம். கிருமி புகுந்து 12 முதல் 48 மணி நேரத்திலேயே கண் வீங்கி, வெள்ளையில் ரத்தத் திட்டுகள் தோன்றும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஐந்து முதல் ஏழு நாளில் இறங்கிவிடும். 1969இல் கானாவில் முதலில் கண்டறிந்தார்கள். அப்போலோ 11 நிலவில் இறங்கிய ஆண்டு என்பதால் அங்கே அப்போலோ நோய் என்றே பெயர். தென்றல் சொன்ன "மூன்று நாளில் சரியாகும்" என்ற நம்பிக்கை இந்த வகையைப் பார்த்தே வந்திருக்கக்கூடும்.

ஆகஸ்ட் 6, மாலை 7:30 | தென்றல்

பள்ளிக்கும் வேலைக்கும் எப்போது திரும்பலாம்?

ஆகஸ்ட் 6, இரவு 9:55 | விழியோரம்

பாக்டீரியா என்று உறுதியானால் சொட்டு தொடங்கி 24 மணி கழித்து. வைரஸ் என்றால் ஒரே விடை கிடையாது. கண்ணில் நீர் வடியும்வரை ஒட்டும், கடுமையான அடினோ வகையில் அது இரண்டு வாரம். சமையல், சிகிச்சை, முடி திருத்தம், குழந்தை பராமரிப்பு என்று கையால் பிறரைத் தொடும் வேலை செய்பவர்கள் அந்த இரண்டு வாரமும் விலகியிருப்பதே சரி. தனியறையில் கணினி முன் உட்காருபவர், கண்ணைத் தொடாமல், தனி விசைப்பலகையில் வேலை செய்ய முடியுமென்றால் வடிதல் குறைந்ததும் போகலாம். ஐந்து வயதுக் குழந்தை கண்ணைத் தொடாமல் இருக்காது; வடிதல் நிற்கும்வரை வீட்டில் வைத்திருங்கள்.

ஆகஸ்ட் 7, காலை 7:05 | நுண்ணோக்கி

தனி விசைப்பலகை என்பதோடு தனிச் சுட்டியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 19, மாலை 5:50 | தென்றல்

சிவப்பு முழுக்கப் போய்விட்டது. வேறு யாருக்கும் வரவில்லை. ஆனால் நான்கு நாளாக விளக்கைப் பார்த்தால் ஒளி சிதறுகிறது, எழுத்து சற்று மங்கல் என்கிறார். மறுபடி தொற்றா?

ஆகஸ்ட் 19, இரவு 8:15 | விழியோரம்

மறுதொற்றுக்கு வாய்ப்புக் குறைவு. கடுமையான அடினோ வகையில் இரண்டாம் வாரத்துக்கு மேல், வெண்படலம் ஆறிய பிறகு, கருவிழியின் மேற்தோலுக்கு அடியில் சின்னச் சின்ன வெண்புள்ளிகள் தோன்றும். இறந்த வைரஸ் துணுக்குகள்மேல் உடலின் எதிர்ப்பு செல்கள் குவிவதால் வருபவை. ஒளிச்சிதறல், மங்கல் அதனால்தான். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மாதங்களில் தானே கரையும், சிலருக்கு ஆண்டு கடந்தும் இருக்கும்.

ஆனால் இதை நான் இங்கே உறுதியாகச் சொல்ல முடியாது. கண் மருத்துவரிடம் இருக்கும் பிளவு விளக்கு (slit lamp) நுண்ணோக்கியில் பார்த்தால்தான் ஹெர்பிஸ் புண் இல்லை என்று தெரியும், எனவே நாளைக்கே காட்டுங்கள். பார்வையை மறைக்கும் அளவுக்குப் புள்ளிகள் இருந்தால் மருத்துவர் இந்தக் கட்டத்தில் குறைந்த வீரியமுள்ள ஸ்டீராய்டு எழுதுவார். முதல் நாள் நான் வேண்டாம் என்ற அதே மருந்து. ஹெர்பிஸ் இல்லையென்று பார்த்த பிறகு, கண் அழுத்தத்தை அளந்துகொண்டு, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பது. நடுவில் திடீரென நிறுத்தினால் புள்ளிகள் திரும்ப வரும். எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் எப்படிக் குறைப்பது, கண் அழுத்தம் பார்க்க எப்போது வர வேண்டும் என்று இரண்டையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.